நான் சொல்ல அண்ணை எழுதிய கடிதங்கள்

அப்பு வத்தையின் அடியில் மல்லாந்து கிடந்தார். மாரி ஓய்ந்த நேரம். ஊர்காவற்றுறைக் கரையில் பனங்குற்றிகளின் மேல் ஏற்றி வைத்திருந்த அந்தப் பெரிய பாய்க்கப்பலின் பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, சின்ன மரச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். சுறா எண்ணெய் மணம் மூக்கை அடைத்தது. கடல் வற்றி, சேற்றில் கொக்குகள் நின்றன.

நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவருடைய கால்மாட்டில் நின்றேன்.

“பிள்ளை, வெளிச்சத்தை மறையாதை” என்றார்.

நகர்ந்து நின்றேன். “அப்பு, உங்களோடை ஒண்டு கதைக்க வேணும்.”

“கதை.”

சுத்தியல் நாலைந்து தரம் தட்டியது. அவர் இன்னும் கொஞ்சம் பஞ்சை எடுத்து விரல்களுக்கு நடுவில் முறுக்கினார்.

அன்று நான் சொல்லப் போனது என்ன என்று உங்களுக்கு விளங்க வேண்டுமானால், ஏழெட்டு வருடம் பின்னுக்குப் போகவேண்டும். அப்பு அங்கேயே கிடக்கட்டும். அவருக்கு அவசரமில்லை.

தாண்டிப் போன இடம்

இத்தனை கிழமையாக இந்தப் பத்தியில் கொழும்பு ஹோட்டலைப் பற்றியும் அங்கே நான் வாசித்த ஜாஸ் இசையைப் பற்றியும் எழுதி வருகிறேன். வேலணையிலிருந்து என் பழைய மாணவி ஒருத்தி கடிதம் போட்டிருக்கிறாள். “ரீச்சர், எல்லாம் எழுதுறீங்கள். நீங்கள் ஏன் கொழும்பை விட்டு வந்தீர்கள் என்பதை மட்டும் தாண்டிப் போய்விட்டீர்களே?”

கெட்டிக்காரி. வகுப்பிலும் அப்படித்தான். நான் ஒரு சுரத்தை விழுங்கினால் அவள்தான் முதலில் திரும்பிப் பார்ப்பாள்.

தாண்டியது உண்மை. அது என் கதை மட்டுமில்லை, என் அண்ணையின் கதையும். அவர் இருக்கும்வரை எழுத விடவில்லை. “உது எங்கடை வீட்டுக் கதை, விடு” என்பார். அவர் போய் இரண்டு வருடமாகிறது. இனி என்னைத் தடுக்க ஆளில்லை.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அப்பாவை நாங்கள் அப்பு என்போம். அவர் தண்டயல், அதாவது பாய்க்கப்பலின் தலைவர். இங்கிருந்து புகையிலை ஏற்றி, அக்கரை இந்தியாவிலிருந்து கூரை ஓடு கொண்டுவருவார். பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர். அண்ணை அந்தோனி என்னைவிட ஆறு வயது மூத்தவர். அப்புவுக்கு ஊரில் பெரிய பெயர் எதுவும் கிடையாது, ஒன்றைத் தவிர. சவிரி தண்டயல் பொய் சொல்லமாட்டார். அவர் கப்பலில் வந்த சரக்கை எண்ணிப் பார்க்காமல் இறக்குவார்கள்.

ஊமைக் கட்டைகள்

கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு பியானோ இருந்தது. அது எந்தக் காலத்தில் எந்த வள்ளத்தில் வந்து இறங்கியதோ, யாருக்கும் தெரியாது. உப்புக் காற்று அதன் வயிற்றுக்குள் புகுந்து வேலை செய்திருந்தது. நடுவிலே நான்கு கட்டைகள் ஊமை. அமத்தினால் ‘தொப்’ என்று மரச் சத்தம் மட்டும் வரும்.

மற்றப் பிள்ளைகள் அந்த இடம் வரும்போது தொப், தொப் என்று தட்டிக்கொண்டு போவார்கள். எனக்கு அது பொறுக்காது. அந்தச் சுரம் இல்லாவிட்டால் அதற்குப் பக்கத்திலுள்ளதைப் பிடித்து, சுற்றிப் போய், கொஞ்சம் பிந்தி வந்து சேருவேன். அந்தோனியார் பாட்டு என் கையில் சற்று நொண்டி நொண்டி, ஆனால் நிற்காமல் ஓடும். படிப்பித்த சிஸ்டர் பிரம்பால் பியானோவின் தலையில் தட்டுவார். “கோணல், கோணல்.”

பிற்காலத்தில் அந்தக் கோணலைத்தான் ஜாஸ் என்று கொழும்பில் கை தட்டினார்கள். சிஸ்டருக்கு இதைச் சொல்லியிருந்தால் இன்னொரு அடி விழுந்திருக்கும்.

பூந்தொட்டிகளுக்குப் பின்னால்

அண்ணைக்குக் கொழும்புத் துறைமுகத்தில் சுங்கக் கிளாக்கர் உத்தியோகம் கிடைத்தது. கொட்டாஞ்சேனையில் சின்ன வீடொன்று வாடகைக்கு எடுத்திருந்தார். கடைச் சாப்பாட்டில் மெலிந்து போனார் என்று அம்மா அழுதாள். எனக்குப் பத்தொன்பது வயது. சமைத்துப் போட என்னை அனுப்பினார்கள்.

புறப்பட்ட அன்று, என்னைக் கூட்டிப்போக வந்திருந்த அண்ணையின் கையைப் பிடித்து அப்பு சொன்னது ஒரே வசனம். “இவளை உன்னை நம்பி விடுறன்.”

பகலில் அண்ணை கந்தோருக்குப் போனபிறகு எனக்கு வேலையில்லை. கோயிலில் ஒருநாள் நான் ஆர்மோனியம் வாசித்ததைக் கேட்ட ஹென்றி என்ற பறங்கியர், தன் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் பியானோ சொல்லித்தரச் சொன்னார். போனேன். ஹென்றி ஒரு ஹோட்டலில் வாத்தியக் குழு நடத்தியவர், ட்ரம்பெட் ஊதுவார். அவர் வீட்டு இசைத்தட்டுகளில்தான் அந்தச் சங்கீதத்தை முதன்முதலாகக் கேட்டேன். யாரோ கறுத்த மனிதர், எங்கோ தூர தேசத்தில், என்னைப் போலவே பிந்தி வந்து சேருகிறார். நான் தனி ஆள் இல்லை என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை அவருடைய பியானோக்காரருக்குக் காய்ச்சல். கடற்கரை ஹோட்டலில் பின்னேரம் நான்கு மணிக்கு நடனம். தேத்தண்ணி குடித்துக்கொண்டு சோடி சோடியாக ஆடுவார்கள். “இன்று மட்டும்” என்று ஹென்றி கெஞ்சினார்.

சேலை கட்டிய தமிழ்ப் பெண் மேடையிலா என்று ஹோட்டல் மனேஜர் முகம் சுளித்தார். கடைசியில் இரண்டு பெரிய பூந்தொட்டிகளைக் கொண்டுவந்து பியானோவுக்கு முன்னால் வைத்தார்கள். இலைகளுக்கு நடுவால் எனக்கு ஆடுகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். அந்தக் கால்களைப் பார்த்தே வாசித்தேன். பிந்தினால் நானும் பிந்தினேன். துள்ளினால் நானும் துள்ளினேன்.

இன்று மட்டும் என்றது ஒவ்வொரு சனியும் ஆயிற்று. ஆறு மணிக்கு முன் வீடு திரும்பி, அரிசியை உலையில் போட்டுவிடுவேன். அண்ணைக்கு ஒன்றும் தெரியாது.

நாலு மாதம் அப்படிப் போனது.

தூணோரம்

ஒரு சனிக்கிழமை வாசலுக்குப் பக்கத்துத் தூணோரம் ஒரு மனிதர் வந்து நின்றார். கறுப்புக் கோட்டு, கையில் குடை. ஆடவுமில்லை, இருக்கவுமில்லை. இலைகளை விலக்கிப் பார்த்தேன். அண்ணை.

யாரோ கந்தோரில் சொல்லியிருக்கிறார்கள். என்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தவர். பின்னாளில் அவரே சொன்னார், மேடைக்கு ஏறி என் கையைப் பிடித்து இழுப்பதென்றே நினைத்து வந்தாராம்.

என் கை நிற்கவில்லை. எப்படி நிற்காமல் இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மூன்று பாட்டு முடியும்வரை நின்றார். பிறகு திரும்பிப் போய்விட்டார்.

நான் வீட்டுக்குப் போனபோது குசினியில் புகை. அண்ணையே சோறு வைத்து, அடிப்பிடிக்க விட்டிருந்தார். நான் வாசற்படியில் நின்று அழத் தொடங்கினேன்.

“அழாதை. முதல் அந்தப் பானையை இறக்கு” என்றார்.

இறக்கினேன்.

“அந்த மூண்டாவது பாட்டு. அதிலை நடுவிலை எல்லாரும் விட்டிட்டினம், நீ மட்டும் தனியா வாசிச்சனீ. அது புத்தகத்திலை இருக்கிறதோ?”

“இல்லை அண்ணை. அது… நானாப் போட்டது.”

அவர் கருகிய சோற்றை இரண்டு கோப்பையில் போட்டார். ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

“அப்புவுக்கு என்னெண்டு எழுதுறது?”

அண்ணை கேட்டது அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு மறுமொழி சொன்னவள் நான். இதை நீங்கள் மறக்கக்கூடாது.

மாமரம்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் வீட்டுக்குக் கடிதம். அண்ணை மேசையில் இருந்து எழுதுவார். நான் குசினி வாசலில் இருந்து வெங்காயம் உரித்தபடி சொல்வேன்.

“தங்கச்சி ஒரு பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பிக்கிறாள் எண்டு எழுதுங்கோ.”

“எந்தப் பள்ளிக்கூடம்?”

“பேர் வேண்டாம். முற்றத்திலை ஒரு பெரிய மாமரம் நிக்குது எண்டு எழுதுங்கோ. பிள்ளையள் அதுக்குக் கீழை நிண்டுதான் பாடுறவை.”

அண்ணை பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். பிறகு எழுதுவார்.

பொய் சொல்ல எனக்கு அவ்வளவு நன்றாக வரும் என்று நான் நினைக்கவேயில்லை. தலைமை ஆசிரியைக்கு மூட்டு வருத்தம் கொடுத்தேன். மழைக்கு ஒரு வகுப்பின் கூரை ஒழுகியது. ஒவ்வொரு கிழமையும் ஏதாவது நடந்தது. அப்பு அந்தக் கடிதங்களை அம்மாவுக்கு உரத்து வாசித்துக் காட்டுவார். அவளுக்கு எழுத்துத் தெரியாது. “மரம் காய்க்கத் தொடங்கீட்டுதோ எண்டு அம்மா கேட்கிறா” என்று அப்பு பதில் எழுதினார். காய்த்துவிட்டது என்று நாங்கள் எழுதினோம்.

நான் வாய் திறக்காத நாள்

மூன்று வருடத்துக்கு மேல் இப்படி ஓடியது. ஒரு பத்திரிகைக்காரர் ஹென்றியின் குழுவைப் படம் எடுத்தார். அன்றைக்குப் பார்த்து அந்தப் பூந்தொட்டிகளை யாரோ நகர்த்தி வைத்திருந்தார்கள். ஆங்கிலப் பத்திரிகையில் என் முகம் பளிச்சென்று விழுந்தது. எங்கள் ஊர்க் கோயிற் சுவாமியார் அந்தப் பத்திரிகை எடுப்பவர். அப்புவைக் கூப்பிட்டுக் காட்டி, கீழே எழுதியிருந்ததை மொழிபெயர்த்தும் சொன்னார்.

அப்பு ரயிலேறி வந்தார். கடலிலே முப்பது வருடம் நடந்த மனிதர், அந்த ஒரு ரயில் பயணத்தில் தளர்ந்து போயிருந்தார். கதிரையைக் கொடுத்தோம். இருக்கவில்லை.

“ஆர் இவளை அங்கை விட்டது?”

நான் குசினி வாசலில் நின்றேன். அண்ணை ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

“நான்தான் அப்பு. என்ரை துரைமார் அங்கை வாறவை. அவையிட்டை நல்ல பேர் எடுக்கலாம் எண்டு நான்தான் போகச் சொன்னனான். அவள் மாட்டன் எண்டுதான் நிண்டவள்.”

எனக்குக் கலியாணம் ஆகவேண்டும், ஊரில் என் பெயர் நிற்கவேண்டும் என்று அந்த ஒரு கணத்தில் அவர் கணக்குப் போட்டிருக்கிறார். நான் ‘இல்லை’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. பயம் என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் மட்டுமில்லை. அண்ணை நீட்டிய அந்தப் பொய் எனக்கு வசதியாக இருந்தது. ஏற்கெனவே என் அளவுக்குத் தைத்த சட்டை மாதிரி.

“அவள் சின்னப்பிள்ளை. நான் நம்பினது உன்னை” என்றார் அப்பு. “இனி நீ எனக்குக் கடிதம் எழுதவேண்டாம். உன்ரை எழுத்தை நான் வாசிக்கமாட்டன்.”

அடுத்த நாள் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன்.

நெடுந்தீவைத் தாண்டி

ஊரில் என்னைப் பார்த்து எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். “பாவம், தமையன் கெடுக்கப் பார்த்த பிள்ளை.” சுவாமியாரே மடத்து மதரிடம் எனக்காகப் பேசினார். பியானோ படிப்பித்த சிஸ்டர் மாற்றலாகிப் போயிருந்தார். அந்த இடம் எனக்குக் கிடைத்தது. பியானோ அறையின் சாவியை மதர் என் கையில் வைத்தார். ஊமைக் கட்டைகள் நான்கையும் யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் வந்து திருத்தியிருந்தார்.

அந்தச் சாவியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு திரிந்தேன். படிப்பிப்பது எனக்குப் பிடித்துப் போயிற்று. ஒரு பிள்ளையின் கை முதன்முதலாகப் புத்தகத்தை விட்டுத் தன் பாட்டில் போகும் கணம் இருக்கிறதே, அதற்கு மேடையில் விழும் கைதட்டு ஈடாகாது. நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதத்தான் வேண்டும்.

அண்ணை நெடுந்தீவுக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அங்கே ஒரு சின்னச் சுங்கக் கந்தோர். யாரும் விரும்பிப் போகாத இடம். கொழும்பில் நன்றாக முன்னேறியிருக்கக்கூடியவர். வீட்டுக்கு ஒரு வள்ளப் பயணத் தூரத்தில் இருந்தும் ஊர்காவற்றுறைக்கு வரவில்லை. பக்கத்திலாவது இருப்போம் என்று நினைத்திருக்கவேண்டும்.

அக்கரைக்குப் போகும்போதும் வரும்போதும் அப்புவின் கப்பல் நெடுந்தீவைத் தாண்டித்தான் போகும். ஒருநாளும் அங்கே பாயை இறக்கவில்லை. தீவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கினால் தண்டயல் மற்றப் பக்கம் திரும்பி இருந்துகொள்வார் என்று கப்பலாட்கள் அம்மாவிடம் சொன்னார்கள். அம்மா அதை என்னிடம் சொன்னாள். நான் எழும்பிப் போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தேன்.

பிறகு இரண்டாம் உலகச் சண்டைக்காலம் வந்தது. கூப்பன் அரிசி, கடலில் கெடுபிடி. கப்பலோட்டம் குறைந்தது. அப்படியொரு தை மாதத்தில், நெடுந்தீவிலிருந்து வந்த வள்ளத்தில் அம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது. நான் வாசித்துக் காட்டினேன். தவக்காலத்துக்கு முதல் அண்ணைக்குக் கலியாணம். பொம்பிளை திரேசம்மா, மாடு வளர்க்கும் குடும்பத்துப் பிள்ளை. எல்லோரும் வரவேண்டும். கோயிலில் ஒரு ஆர்மோனியம் இருக்கிறது, தங்கச்சி வந்து வாசிக்கவேண்டும்.

அம்மா கடிதத்தை வாங்கி, எழுத்துத் தெரியாவிட்டாலும், அதைத் தடவிப் பார்த்தாள்.

“எனக்கு இருக்கிறது ஒரு மகன். அப்பு போகார். அவர் இல்லாமல் நான் எப்பிடிப் போறது?”

அன்று பின்னேரம்தான் கடற்கரைக்குப் போனேன்.

வத்தையின் அடியில்

“கதை எண்டனான்” என்றார் அப்பு, பலகையைத் தட்டியபடி.

“அண்ணை என்னை அனுப்பேல்லை அப்பு. நானாத்தான் போனனான். அவருக்குத் தெரிய முதலே நாலு மாசமாப் போய்க்கொண்டிருந்தனான்.”

தட்டுவது நிற்கவில்லை.

“அப்ப கடிதங்கள்?”

“எழுதினது அண்ணை. சொன்னது நான்.”

“எல்லாமோ?”

“எல்லாம்.”

சுத்தியல் நின்றது. “அந்த மாமரம்?”

“அதுவும் நான் சொன்னதுதான். அப்பிடி ஒரு பள்ளிக்கூடமே இல்லை அப்பு.”

அவர் மெல்ல வெளியே வந்தார். தாடியில் பஞ்சுத் தும்பு ஒட்டியிருந்தது. என்னைப் பார்க்காமல் வற்றிக் கிடந்த கடலைப் பார்த்தார்.

“கொம்மா அந்த மரத்தைப் பற்றி அயலட்டைக்கெல்லாம் சொல்லித் திரிஞ்சவள்.”

நான் செருப்பை மற்றக் கைக்கு மாற்றினேன்.

“நான் அவனைப் பேசேக்கை நீ குசினி வாசலிலை நிண்டனீ.”

“நிண்டனான்.”

“எல்லாம் கேட்டுக்கொண்டு.”

“ஓம் அப்பு.”

எண்ணெய்க் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தார். பிறகும் துடைத்தார். “மதருக்குத் தெரியுமோ?”

“இல்லை.”

“சுவாமியாருக்கு?”

“இல்லை.”

“அப்ப எனக்கு மட்டும் சொன்னாப் போதுமோ? அவன்ரை பேர் என்னட்டை மட்டுமோ கெட்டது?”

திரும்பவும் வத்தைக்குக் கீழே போய்விட்டார். நான் கோபத்தை எதிர்பார்த்துப் போனவள். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன்.

சாவி

கடற்கரையிலிருந்து நேரே மடத்துக்குப் போனேன். வீட்டுக்குப் போனால் மனம் மாறிவிடும் என்ற பயம். மதர் அயர்லாந்துக்காரி, நெடிய உருவம், குறைவாகப் பேசுவார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிய, அங்கே வாசித்ததற்காக வருந்துகிறாயா என்று கேட்டார்.

“பொய் சொன்னதற்காக வருந்துகிறேன் மதர். அண்ணனைப் பழி சுமக்க விட்டதற்காக வருந்துகிறேன். வாசித்ததற்காக இல்லை” என்றேன்.

மதர் கையை நீட்டினார். சேலைத் தலைப்பை அவிழ்த்துச் சாவியை அதில் வைத்தேன். முடிச்சு இறுகிப் போயிருந்தது. அவிழ்க்க வெகு நேரம் எடுத்தது. மதர் அவசரப்படுத்தவில்லை. சுவாமியாருக்கு நானே எழுதிக் கொடுக்கவேண்டும் என்றார். எழுதிக் கொடுத்தேன். ஊர் முழுக்கத் தெரியவந்தது.

பாவம் என்றவர்கள் தெருவில் மற்றப் பக்கத்தால் போனார்கள். புளியங்கூடலில் ஒரு இடத்தில் என் கலியாணப் பேச்சு பாதி முடிந்திருந்தது. அவர்கள் ஆளனுப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு வேறு பேச்சும் வரவில்லை. அதைப் பற்றி இங்கே எழுத எனக்கு ஒன்றுமில்லை.

சாவி திரும்பி வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடத்துக்குக் கிட்ட, வீட்டு விறாந்தையில் ஆர்மோனியம் வைத்து நான்கு பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். அவர்களின் தாய்மார் துணிச்சல்காரிகள். ஒருநாள் காலை மதரே படலையைத் திறந்துகொண்டு வந்தார். பிள்ளைகள் ஒரு கோயிற் பாட்டைப் படித்து, பிறகு அதையே கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொரு விதமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நின்று கேட்டார். சாவியை ஆர்மோனியத்தின் மேல் வைத்தார். கோயிலில் பாட்டு எழுதியபடிதான் இருக்கவேண்டும் என்றார். பியானோ அறைக் கதவு பூட்டியிருந்தால் உள்ளே நடப்பது தன் காதில் விழாது என்றும் சொன்னார்.

அந்த அறையில் முப்பது வருடம் படிப்பித்தேன். கதவு பூட்டித்தான் இருந்தது. யன்னல்களைப் பற்றி மதர் ஒன்றும் சொல்லவில்லை.

நீ நில்லு

ஆனால் அதெல்லாம் பிறகு. கலியாணத்துக்குப் புறப்படும் காலை எனக்கு வேலையுமில்லை, சாவியுமில்லை.

அப்பு போகிறார் என்பதே முதல் நாள்தான் தெரியும். பெட்டியிலிருந்து பட்டுச் சால்வையை எடுத்து வெயிலில் போட்டார். அம்மா அதைக் கண்டு பயற்றம் பணியாரத்துக்கு மா வறுக்கத் தொடங்கினாள்.

விடிந்ததும் துறைக்குப் போனோம். வள்ளம் தயாராக நின்றது. அம்மா பனையோலைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். நான் நீலச் சேலை கட்டி, பாட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். ஒரு காலை வள்ளத்தின் விளிம்பில் வைத்தேன்.

“நீ நில்லு” என்றார் அப்பு.

“என்னப்பா நீங்கள், அவள்தானே வாசிக்கவேணும் எண்டு அவன் எழுதினவன்…” என்று அம்மா தொடங்கினாள்.

“அவள் நிக்கட்டும்.”

காலை எடுத்தேன். பாய் விரிந்தது. அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அப்பு சுக்கானைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். வள்ளம் முனையைக் கடந்து மறையும்வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அப்பு செய்தது சரியென்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் சொன்னபிறகும் தண்டனையா என்று மனம் கொதித்தது. மூன்று நாளும் தனிய இருந்தேன். மாட்டைப் பார்த்தேன், முற்றம் கூட்டினேன். இந்நேரம் கோயிலில் பூசை தொடங்கியிருக்கும் என்று நினைத்த நேரம் கையிலிருந்த சுளகு அப்படியே நின்றது.

மூன்றாம் நாள் பின்னேரம் வந்தார்கள். அம்மா படலையிலேயே சொல்லத் தொடங்கிவிட்டாள். பொம்பிளை நல்ல உயரம், நல்ல குரல், பாற்சோறு அண்டா அண்டாவாக, தீவு முழுக்க மாடு. அண்ணைக்கு நரை விழுந்துவிட்டதாம். அதைச் சொல்லும்போது மட்டும் அழுதாள்.

அப்பு கிணற்றடிக்குப் போனார். நான் தண்ணீர் அள்ளி அவருடைய காலில் ஊற்றினேன். வத்தையடிக்குப் பிறகு அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை.

“அவன் கேட்டவன்” என்றார்.

“என்ன அப்பு?”

“தங்கச்சி ஏன் வரேல்லை எண்டு. கோயில் வாசலிலை, மாலையும் கழுத்துமா நிண்டுகொண்டு கேட்கிறான். சனமெல்லாம் பார்க்குது.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

அப்பு வாளியை என் கையிலிருந்து வாங்கி, தானே மற்றக் காலுக்கு ஊற்றினார்.

“பள்ளிக்கூடத்திலை சோதினை எண்டனான். பிள்ளையளை விட்டிட்டு வர ஏலாமல் போச்சுது எண்டனான்.”

நான் அவரைப் பார்த்தபடி நின்றேன். எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்பது நெடுந்தீவு வரைக்கும் தெரிந்த சங்கதி.

“அண்ணை நம்பினவரோ?”

“எங்கை நம்பினவன். என்ரை முகத்தைப் பார்த்துப்போட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான். ‘அப்பு, உங்களுக்கு இது வராது. தங்கச்சியிட்டைக் கேட்டுப் பழகிக்கொண்டு வாங்கோ’ எண்டான்.”

சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக் கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.